முற்போக்கு மெனோனைட் சபை என்றால் என்ன? அவர்களுடைய நம்பிக்கைகள் யாவை?

குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் 1525இல் சூரிச்சில் தோன்றிய அனபாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சீர்திருத்த இயக்கத்தின் வழிவந்த கிறிஸ்தவர்களே மெனோனைட்டுகள். மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுப் பாதிரியாரின் பெயரால் அழைக்கப்படுகிறார்கள்.

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஓட்டுப் போடுவது போலத்தான் இதுவும்: விவரம் தெரிந்த வயதில் அவரவரே போட வேண்டும், பெற்றோர் போட முடியாது. கட்டாயத்தில் வருவது விசுவாசமல்ல என்பதே காரணம். மற்ற நம்பிக்கைகளும் அதை ஒட்டியவைதான். சபை அரசிடமிருந்து விலகி நிற்க வேண்டும். ஆயுதம் எடுக்கக் கூடாது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மெனோனைட்டுகள் பலர் ராணுவத்துக்குப் பதிலாகக் காடுகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள்.

'முற்போக்கு' என்பது தனிப் பிரிவு அல்ல. இதே வேர்களோடு, பெண்களைப் போதகர்களாகவும் தன்பாலீர்ப்பாளர்களை முழு உறுப்பினர்களாகவும் ஏற்கும் சபைகளை அப்படிச் சொல்கிறார்கள். இதற்கு விலையும் உண்டு. பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் சபை தன்பாலீர்ப்பாளர்களை ஏற்றதற்காகவே 1997இல் தன் வட்டார அமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. போதகர்கள் தன்பாலினத் திருமணம் நடத்தக் கூடாது என்ற விதியை அமெரிக்க மெனோனைட் சபை 2022இல்தான் கைவிட்டது.

மெனோனைட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் குதிரைவண்டி, அதே அனபாப்டிஸ்ட் வழிவந்த ஆமிஷ் மக்களுக்கும் பழைய வாழ்க்கைமுறையை விடாத 'பழைய ஒழுங்கு' மெனோனைட்டுகள் சிலருக்கும் உரியது; முற்போக்குச் சபையினர் கார் ஓட்டுகிறார்கள், சாதாரண உடைதான் உடுத்துகிறார்கள்.