கத்தி வாயில் பல் விழுந்தால்: வாசகர் கேள்வி-பதில்

கே: கேம்பிங் கத்தியை அம்மிக்கல்லில் தீட்டலாமா? (திருவாரூர்)

ப: கூடாது. கொத்தின கல் அது, கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, பிய்த்துவிடும். அப்படி அங்கங்கே உடைந்து விழும் பள்ளத்தைத்தான் ‘பல்’ என்கிறோம்.

கே: ஆன்லைனில் 1,800 ரூபாய்க்குக் கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கினேன். நன்றாகவே வெட்டியது. மோட்டார் சாணை பிடித்த பிறகு தென்னை மட்டை சீவினால்கூட வாய் பொடிப்பொடியாக உதிர்கிறது. இரும்பே போலியா? (மன்னார்குடி)

ப: முதலில் நன்றாக வெட்டியது என்றால் குறை இரும்பில் இல்லை, சாணையில். கார்பன் ஸ்டீலைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடிபோல் நொறுங்கும்; மறுபடி 200 டிகிரி அளவில் சூடாக்கிப் பதம் தணித்த பிறகுதான் அது கத்தி. ஓடும் கல்லில் தண்ணீரில்லாமல் அழுத்தினால் மெல்லிய வாய் நொடியில் 300 டிகிரியைத் தொட்டு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் மெத்தென்று மடங்கும். அதற்கும் மேல் பழுத்து, சட்டென்று குளிர்ந்தால் பதம் தணியாத இரும்பாகி உதிரும். தீப்பொறி பறந்தால் நல்ல சாணை என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எத்தனையோ நல்ல அரிவாள்கள் இப்படித்தான் வீணாகின்றன. தொட்டால் சுடும் கத்தியைத் திருப்பித் தருகிறவரிடம் மறுபடி போகாதீர்கள்.

கெட்ட இரும்பைக் கழித்தால் கத்தி பிழைக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கல்லை நனைத்து, சொரசொரப்பான பக்கத்தில் வாயை நேர்குத்தாக வைத்து லேசாக இழுங்கள். பல் மறைந்த பிறகும் அரை மி.மீ. போகட்டும். அடுத்தது சாய்வு. அலகு 3 செ.மீ. அகலம் என்றால், முதுகு கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்ந்தால் ஏறத்தாழ 20 டிகிரி. மட்டை சீவ 1.2 செ.மீ. வையுங்கள். சமையல் கத்திபோல் 15 டிகிரிக்கு மெலியவைத்தால் பல் விழத்தான் செய்யும். சாய்வில் மார்க்கர் மை தடவினால் கல் எங்கே படுகிறது என்று தெரியும்.

ஒரு பக்கம் தேய்க்க மறுபக்கம் மெல்லிய இரும்புப் பிசிர் எழும், நகத்தில் தட்டுப்படும். முழு நீளத்துக்கும் எழுந்தபின் பக்கம் மாற்றுங்கள். பலர் தவறுவது இதற்கடுத்த இடத்தில்: பிசிரை மரக்கட்டையில் இழுத்து ஒடிக்கிறார்கள். அது போகும்போது வாயையும் பிய்த்துக்கொண்டு போகும். கத்தியைக் கழுவி, நைசான 1000 எண் கல்லில் கத்தியின் எடை மட்டும் படும்படி பக்கத்துக்கு 5, 3, 1 என்று மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிர் தானே கரையும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னால் போகும்படி, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே வாயைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைப் புள்ளி மினுக்கினால் அங்கே இன்னும் பல் இருக்கிறது.

கே: கத்தியால் தேங்காய் உடைத்தேன், ஒரு துண்டு தெறித்துவிட்டது. வாரண்டி கேட்கலாமா? (சீர்காழி)

ப: எதற்கு? தேங்காய் உடைக்க வெட்டரிவாள் இருக்கிறதே!

கே: 2,500 ரூபாய்க்கு ‘டமாஸ்கஸ்’ (இரும்பை அடுக்கடுக்காக அடித்து அலைவரி ஓடும்) கத்தி வருகிறது. வாங்கலாமா? (தஞ்சாவூர்)

ப: வேண்டாம். அந்த விலைக்குப் பெரும்பாலும் மேலோடு வரைந்த வரிதான் கிடைக்கும். நானும் வாங்கி ஏமாந்தேன்.

கே: மழைக்காலத்தில் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கிறது. (வேதாரண்யம்)

ப: தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், உங்களுக்கு உப்புக்காற்று வேறு. துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். வாயில் துரு அரித்த குழிதான் நாளைக்குப் பல்லாக விழும்.

கே: பெட்டியைத் திறந்தபோதே வாயில் மூன்று பல். ‘கத்திக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். கூலிவேலை செய்து சேர்த்த பணம். (கும்பகோணம்)

ப: உங்கள் பணம் திரும்பி வரவேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்புக்கான 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. ‘ரிட்டர்ன் இல்லை’ என்று அவர்களாக எழுதிக்கொண்டது இதை மாற்றாது. பில், பெட்டி, பல் தெரியும் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதுவரை அந்தக் கத்தியைக் கல்லில் வைக்காதீர்கள். தீட்டிவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று திருப்பிவிடுவார்கள்.