மியூனிக்கா, சார்ப்ரூக்கனா?

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலியில் பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக எங்கள் ஊர்ப் பேச்சைப் பதிவு செய்து, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களில் போட்டுப் பார்த்தேன். செய்தி வாசிப்பவரின் தமிழை ஒழுங்காக எழுதுகிறவை எங்கள் தெருக்காரர்கள் பேசினால் தடுமாறுகின்றன. இதில்தான் மேற்கொண்டு வேலை செய்ய ஆசை.

ஜெர்மனியில் இரண்டு இடங்களில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது கணினி அறிவியல். சார்ப்ரூக்கனில் உள்ள சார்லாண்ட் பல்கலைக்கழகத்தில் மொழி அறிவியலும் தொழில்நுட்பமும். முதலாவது உலகத் தரவரிசையில் முதல் முப்பதுக்குள் வருகிறது. இரண்டாவதை எங்கள் கல்லூரியில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பெங்களூரில் ஐடியில் இருக்கும் மாமா, "மியூனிக் கிடைச்சும் யாராவது வேண்டாம்பாங்களா?" என்கிறார். கடன் வாங்கித்தான் போக வேண்டும். பாடத்தைப் பார்ப்பதா, பேரைப் பார்ப்பதா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் மியூனிக்கைப் பற்றி இருப்பது ஓர் எண்ணும் மாமாவின் ஒரு வாக்கியமும்தான். அங்கே போய் என்ன படிப்பீர்கள் என்று ஒரு வரி இல்லை. அதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆனால் மீதிப் பாதியில் மாமாவுக்கும் இடம் உண்டு.

பேருக்கு மதிப்பே இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வெளிநாட்டுப் பட்டதாரிகள் வந்து வேலை தேட நெதர்லாந்து ஓராண்டு அனுமதி தருகிறது. படித்த பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 200க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டனிலும் தரவரிசையை வைத்தே தரும் ஒரு விசா இருக்கிறது. சொத்துப் பிணை கேட்காமல் கடன் தரும் நிதி நிறுவனங்கள் பல்கலைக்கழகப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. பெங்களூரில் ஆயிரம் விண்ணப்பங்களைச் சலிக்கும் ஆள் மியூனிக் என்ற பெயரில் நின்று பார்ப்பார். மாமா தன் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார். படித்து முடித்துப் பொதுவான மென்பொருள் வேலைக்குத் திரும்புவதுதான் உங்கள் திட்டம் என்றால் அவர் சொல்வது சரி.

அந்த எண் எதை அளக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசையில் 30 சதவீதம் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயர், 15 சதவீதம் வேலை தருபவர்களிடையே உள்ள நற்பெயர். ஏறக்குறைய பாதி, ஆட்களிடம் கருத்துக் கேட்டுச் சேர்த்தது. மீதியில் ஆராய்ச்சி மேற்கோள்கள், வெளிநாட்டு மாணவர் விகிதம் இப்படிப் பல. நீங்கள் உட்காரப்போகும் வகுப்பு அதில் எங்குமே இல்லை.

இப்போது நீங்கள் போக விரும்பும் துறைக்கு வருவோம். பேச்சுத் தொழில்நுட்பத்தில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பித்தால், அங்கே உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்குச் சார்ப்ரூக்கன் தெரியாத ஊரல்ல. ஜெர்மனியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையமான டிஎஃப்கேஐ 1988இல் தொடங்கப்பட்டபோதே அதன் இரண்டு இடங்களில் ஒன்று அது. 1993 முதல் 2000 வரை நடந்த 'வெர்ப்மொபில்' என்ற பெரிய திட்டம், ஒருவர் ஜெர்மன் மொழியில் பேசுவதை ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் பேச்சாகவே மொழிபெயர்க்க முயன்றது. கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இன்று நாம் சாதாரணமாகச் செய்வதை அன்றைய கணினிகளில் முயன்றார்கள். அதன் அறிவியல் தலைமை வோல்ஃப்காங் வால்ஸ்டருடையது, இடம் சார்ப்ரூக்கன். மாக்ஸ் பிளாங்க் என்ற ஆராய்ச்சி அமைப்பின் கணினித் துறை ஆய்வகங்கள் இரண்டு சார்லாண்ட் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கின்றன.

இதைவிட உங்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்று. நைஜீரியாவைச் சேர்ந்த டேவிட் அடெலானி சார்லாண்டில் பேராசிரியர் டீட்ரிக் கிளாகோவின் குழுவில்தான் முனைவர் பட்டம் பெற்றார். யொருபா, ஹௌசா, ஸ்வாஹிலி உள்ளிட்ட பத்து ஆப்பிரிக்க மொழிகளுக்கு அவரும் பலரும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட தரவுத் தொகுப்பு இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. தரவு குறைவாக உள்ள மொழிகளுக்கு என்ன செய்வது என்பதுதான் அங்கே கேள்வி. தமிழ் அந்த அளவுக்கு ஏழை இல்லை. ஆனால் எழுத்துத் தமிழை விட்டு நெல்லைப் பேச்சுக்கு வந்தால் நீங்களும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

மியூனிக்கில் மொழிக்கு ஆளே இல்லை என்று சொல்லவில்லை. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். இன்ஃபர்மேட்டிக்ஸில் விருப்பப் பாடங்களை நீங்களே பொறுக்கி அடுக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஊரின் மொழித் தொழில்நுட்ப ஆய்வில் பெரும்பங்கு எல்எம்யூ என்கிற இன்னொரு பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. உங்கள் வகுப்புகளோ நகரத்துக்கு வடக்கே கார்ஹிங் வளாகத்தில்.

ஒரு எச்சரிக்கை. படிப்பின் பெயர் ஆசைக்குப் பொருந்துவதால் மட்டும் பாடம் பொருந்திவிடாது. அந்தப் பெயரும் ஒரு விளம்பரப் பலகைதான். ஒவ்வொரு பாடத்தின் விவரமும் உள்ள மாட்யூல் ஹேண்ட்புக் இணையத்தில் இருக்கும், அதை எடுத்துப் படியுங்கள். அதில் உள்ள பேச்சுத் தொழில்நுட்பப் பாடங்கள் கடந்த இரண்டு மூன்று செமஸ்டர்களில் உண்மையிலேயே நடந்தனவா என்று பாட அட்டவணையில் பாருங்கள். அழகான தலைப்புகள் அச்சில் மட்டும் உயிரோடிருப்பது எல்லா நாட்டிலும் உண்டு. அப்புறம் தீசிஸ். ஜெர்மன் முதுகலையின் 120 கிரெடிட்டில் வழக்கமாக 30 அதற்குப் போகிறது, ஆறு மாத வேலை. படிப்பில் கால்வாசியை யாருடைய மேற்பார்வையில் செய்வீர்கள் என்று தெரியாமல் இடத்தை முடிவு செய்ய வேண்டாம். அங்கே படிக்கும் மாணவர் இருவருக்கு எழுதிக் கேளுங்கள். "படிப்பு எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். தீசிஸுக்கு ஆள் கிடைக்க எவ்வளவு நாள் ஆனது, ஹிவி வேலை கிடைத்ததா என்று கேளுங்கள்.

ஹிவி என்பது பேராசிரியரின் குழுவில் செய்யும் பகுதிநேர மாணவர் வேலை. வெளிநாட்டு மாணவருக்கு வருடத்துக்கு 140 முழு நாள் என்று வேலைக்கு உச்சவரம்பு உண்டு. ஹிவி வேலை அந்தக் கணக்கில் வராது. சம்பளம் பெரிதில்லை. ஆனால் பரிந்துரைக் கடிதமும் முதல் ஆய்வுக் கட்டுரையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. மொழித் தொழில்நுட்பத்துக்கென்றே வந்த சில பத்து மாணவர்களில் ஒருவராக இருந்து அதற்குக் கேட்பது வேறு, பெரிய இன்ஃபர்மேட்டிக்ஸ் கூட்டத்தில் நின்று கேட்பது வேறு.

பணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் புதிய மாணவர்களிடம் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கல்விக் கட்டணம் வாங்குகிறது. முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4000 அல்லது 6000 யூரோ. குறைந்ததை வைத்தாலும் நான்கு செமஸ்டருக்கு 16,000. விலக்குகளும் உதவித்தொகைகளும் உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள், ஆனால் கிடைத்தால் லாபம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சார்லாண்டில் கல்விக் கட்டணம் இல்லை, எல்லா மாணவரும் கட்டும் செமஸ்டர் பங்களிப்பு மட்டுமே. விசாவுக்காக முடக்கிவைக்கும் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டுவது இரண்டுக்கும் பொது. போய் இறங்கியபின் அந்தப் பணம் மியூனிக் வாடகையில் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று அங்கே இருப்பவர் யாரும் சொல்வார்கள். கடன் வாங்கிப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. தவணை தலைக்கு மேல் நிற்கும்போது முனைவர் பட்டம், ஆய்வு என்றெல்லாம் யோசிக்க மனம் வராது; முதலில் வரும் வேலையைப் பிடித்துக்கொள்வோம்.

ஆகவே, ஹேண்ட்புக்கைப் பார்த்து, மாணவர்களிடம் கேட்டு, சரியாக இருந்தால் சார்ப்ரூக்கனுக்குப் போங்கள் என்பேன். மாமாவிடம் தரவரிசையைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம். இரண்டு இடத்துச் செலவையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள், ஐடிக்காரர், கணக்குப் புரியும்.

ஒரு குறை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே போங்கள். சார்ப்ரூக்கன் பிரெஞ்சு எல்லையோரச் சின்ன நகரம். மியூனிக்கைப் போல் நிறுவனங்கள் வரிசையாக நிற்கவில்லை. படிப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வேலை தேடினால் ஜெர்மன் கேட்பார்கள். வகுப்பு தொடங்கும் அக்டோபருக்குள் ஜெர்மனில் ஏ2 என்கிற இரண்டாம் நிலை வரையாவது முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் முதல் செமஸ்டர் அசைன்மெண்ட்கள் அதற்கு நேரம் விடாது.