சப்பாத கன்றுக்குப் பாட்டிலில் பால் வேண்டாம்

கேள்வி: எங்கள் கிடேரி முதல் ஈற்றில் வெகுநேரம் முக்கியும் ஈனவில்லை, கன்றை இழுத்துத்தான் எடுத்தோம். சோர்ந்து கிடந்த கன்றின் வாயில் உடனே சீம்பாலை ஊற்றினோம். இருமவில்லை, புரையேறவும் இல்லை. ஆனாலும் மூன்றாம் நாள் காய்ச்சலும் மூச்சிரைப்பும் கண்டு இறந்துவிட்டது. எங்கே தவறினோம்?

பதில்: நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரிப்பது, நுரையீரலுக்குள் பால் போன கன்றின் நிலையைப் போலவே இருக்கிறது. புரையேறாததைக் கண்டு நிம்மதி அடைந்திருப்பீர்கள். எனக்கோ அதுதான் கவலை தருகிறது.

பிரசவம் இழுபறியானால் கன்றின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது. இந்த வாயு ஓரளவு கூடுவது நல்லதே. முதல் மூச்சை இழுக்கத் தூண்டுவதில் அதற்கும் பங்குண்டு. அளவு மீறும்போதுதான் சிக்கல். விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நின்று, குரல்வளை மூடிக்கொள்ள வேண்டும். கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் மூளைத்தண்டு மூச்சையே முடுக்குகிறது, விழுங்குவது குறைகிறது. மயக்கநிலைப் பூனைகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜனும் கடுமையாகக் குறைந்துவிட்டால் குரல்வளை மூடும் வேகமும் இருமலும் மழுங்கிவிடும். பால் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும்.

தொழுவத்தில் ரத்தவாயுவை அளக்கும் கருவி இருக்காது. கன்றையே கவனியுங்கள். நல்ல கன்று ஐந்து நிமிடம் போல ஆனதும் நெஞ்சை ஊன்றி நிமிர்ந்துவிடும். 15 நிமிடம் கடந்தும் தலை தூக்காமல் கிடந்தால் மருத்துவரை அழையுங்கள். அதுவரை மூக்கையும் வாயையும் துடைத்து, கன்றை நெஞ்சின்மேல் உட்காரவைத்து, பின்கால்களை முன்பக்கமாக மடக்கிவிடுங்கள்; இரண்டு நுரையீரலும் விரியும். மூக்குத்துளைக்குள் வைக்கோலால் வருடுங்கள், உடம்பை அழுத்தித் தேயுங்கள், தலையில் குளிர்ந்த நீர் விடுங்கள். தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். அப்போது வழிவது பெரும்பாலும் வயிற்று நீர்தான்; குடலும் இரைப்பையும் உதரவிதானத்தை அழுத்தி மூச்சை இன்னும் திணறடிக்கும்.

சுத்தமான விரலை வாயில் வையுங்கள். இறுகப் பற்றிச் சப்பினால் பாட்டிலைக் கொடுக்கலாம், அப்போதும் ஊற்றாமல் அதுவாகவே உறிஞ்ச விட வேண்டும். இரண்டு மணி நேரமாகியும் சப்பாவிட்டால் காத்திருக்காதீர்கள். சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் ஏற்கும் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். அந்தக் கன்றுக்கு உணவுக்குழாய் வழியாகக் குழல் செலுத்திச் சீம்பால் தர வேண்டும். 30 கிலோ கன்று என்றால் ஏறத்தாழ 3 லிட்டர். குழல் தவறினால் அதுவும் நுரையீரலுக்கே போகும் என்பதால், பழகிய கால்நடை மருத்துவரிடமே அந்த வேலையை விடுங்கள்.