செவலை யார் நாய்?

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். பக்கத்து வீட்டுத் தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது தன் சிப்பிப்பாறை நாயை எங்களிடம் விட்டுப் போனான். "வீடு அமையுற வரைக்கும் உங்ககிட்ட நிக்கட்டும்" என்றான். மறு வருஷம் செவலைக்கு உடம்பு முடியாமல் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவனிடம் செலவைச் சொன்னதற்கு, "இனி அது உங்க நாய்தான், என்கிட்ட ஏன் கேக்கிய?" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். தடுப்பூசிப் புத்தகத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். இப்போது நாலு குட்டி போட்டிருக்கிறது. ஊருக்கு வந்தவன் தாயும் குட்டியும் தனக்கே என்கிறான், போலீசுக்குப் போவேன் என்கிறான். இரண்டு வருஷம் சோறு போட்டது நாங்கள். சட்டம் என்ன சொல்கிறது?

*

அன்புள்ள நண்பருக்கு,

சோறு போட்ட கணக்கை ஓரமாக வையுங்கள், அதனால் நாய் உங்களுடையதாகிவிடாது. நம் சட்டத்துக்கு நாயும் சைக்கிள் மாதிரி ஓர் அசையும் சொத்துதான். செவலை யாரைக் கண்டால் ஓடி வருகிறது என்று அது கேட்பதில்லை. எனக்கு இதில் வருத்தம்தான், ஆனால் கோர்ட்டில் இதை வைத்துத்தான் பேச வேண்டும்.

முதலில் அவன் விட்டுப்போனது தானமில்லை, பார்த்துக்கொள்ளக் கொடுத்தது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. அப்படி விட்ட பொருள் எத்தனை வருஷம் ஆனாலும் விட்டவருக்கே சொந்தம். வழக்குப் போட மூன்று வருஷக் கெடு என்பதுகூட, அவர் கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்துதான் ஓடும். குட்டிகளைக் கேட்கிறானே என்று கோபப்படாதீர்கள். அதே சட்டத்தின் 163ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது: பசுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டால், அது ஈன்ற கன்றையும் சேர்த்துத்தான் திருப்பித் தர வேண்டும். பதிலுக்கு 158ஆம் பிரிவுப்படி, கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டவருக்கு அவசியச் செலவை அவன் தர வேண்டும்.

ஆனால் அந்தக் குரல் பதிவு இருக்கிறதே, அதோடு கதை மாறிவிட்டது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 123ஆம் பிரிவின்படி அசையும் பொருளைத் தானம் தரப் பத்திரப்பதிவு வேண்டாம், கையில் கொடுத்தால் போதும். நாயோ ஏற்கெனவே உங்கள் வீட்டில். அவன் உங்க நாய் என்றான், நீங்களும் ஏற்று வைத்தியம் பார்த்தீர்கள். கொடுத்ததை மனம் மாறியதற்காகத் திரும்பக் கேட்க 126ஆம் பிரிவு விடாது. ஆக, தாய் உங்களுடையது, அதற்குப் பிறகு பிறந்த குட்டிகளும் உங்களுடையவை என்பதுதான் என் எண்ணம். அவன் வக்கீல், "எரிச்சலில் சொன்னது தானமாகுமா?" என்று கேட்பார். நல்ல கேள்விதான். அங்கேதான் அந்தத் தடுப்பூசிப் புத்தகம் பேசும். அதற்குப் பிறகு அவன் ஒரு பைசா அனுப்பாததும், நாய் எப்படி இருக்கிறது என்று விசாரிக்காததும் பேசும்.

போலீசுக்குப் பயப்பட வேண்டாம். தானே கொண்டுவந்து விட்ட நாயைத் திருட்டுப்போனதாகச் சொல்ல முடியாது, சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். சொல்லப்போனால் திருட்டுக்கான பிரிவிலேயே (இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 303) ஒரு நாய் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு பையில் தீனி வைத்து இன்னொருவர் நாயை இழுத்தால், அது பின்னால் நடக்க ஆரம்பித்ததுமே திருட்டு முடிந்துவிட்டதாம்! அதை நம்பிச் செவலையைத் தெருவில் அவிழ்த்துவிடாதீர்கள். "என் நாய் என்று நம்பித்தான் கூப்பிட்டேன்" என்று அவன் சொன்னால் அந்தப் பிரிவு நிற்காது.

என்னைக் கேட்டால், ஒரு குட்டியைக் கொடுத்துப் பேசி முடிக்கலாம். கோர்ட் வாசலில் நிற்கிற வருஷங்கள் செவலையின் ஆயுசைவிட நீளமாகப் போகலாம். முடித்தால், தாயிலும் மற்ற மூன்றிலும் தனக்கு உரிமையில்லை என்று அவனிடம் கையெழுத்து வாங்குங்கள், சாட்சிக்கு இரண்டு பேரை வையுங்கள். அவன் மறுத்தால் வக்கீலைப் பாருங்கள். எதுவானாலும் அந்தக் குரல் பதிவு வந்த போனை மட்டும் இப்போதைக்கு மாற்றிவிடாதீர்கள், விற்றுவிடாதீர்கள்.