மலையேறினால் இன்ஜின் கொதிக்கிறது: பழைய கார் விற்றவர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். கோவையில் பழைய கார் விற்கும் ஷோரூம் ஒன்றில் 3,40,000 ரூபாய்க்கு பெட்ரோல் கார் வாங்கினேன். "இன்ஜின், ஏசி, ஹீட்டர் எல்லாம் பக்கா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவரும்போது பர்லியார் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. உடனே நிறுத்திவிட்டேன். ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது. ஹீட்டருக்குப் போகும் ஹோஸை யாரோ வெட்டி ஒட்டுப் போட்டிருப்பதாகவும், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போயிருக்கலாம் என்றும், செலவு 45,000 ரூபாய் ஆகும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்னு கையெழுத்துப் போட்டீங்களே" என்று ஷோரூமில் கைவிரிக்கிறார்கள். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஹெட்டைக் கழற்ற இப்போதைக்கு விடாதீர்கள். கழற்றிவிட்டால், "வாங்கிய பிறகு நீங்கள் ஓட்டிக் கெடுத்ததுதான்" என்ற வாதத்துக்கு எதிராகக் காட்ட உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

இந்த வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: காரை ஒப்படைத்த அன்றே இந்தக் கோளாறு இருந்ததா? அதற்கு உங்கள் கார் தானே சாட்சி சொல்கிறது. இன்ஜினில் சூடான கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), டேஷ்போர்டுக்குள் சிறு ரேடியேட்டர் போல இருக்கும் ஹீட்டர் கோர் வழியாக ஓடினால்தான் உள்ளே வெதுவெதுப்பான காற்று வரும். கோர் ஒழுகினால் உட்காருமிடத்துக் கார்ப்பெட் நனையும், கண்ணாடியில் ஆவி படியும். புதிய கோர் மாற்ற டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், செலவுக்குப் பயந்து, கூலன்ட் கோருக்குள் போகாதபடி இரண்டு ஹோஸையும் நேராக இணைத்துவிடுகிறார்கள். அது தானாக நடக்கிற தேய்மானம் அல்ல. ஒருவர் கையால் செய்த வேலை. கோவை வெயிலில் ஹீட்டரைப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஆகவே கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் காரைக் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். இணைக்கப்பட்ட ஹோஸ், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா கழற்றப்பட்டதா, ரேடியேட்டரில் ஒழுக்கை அடைக்கும் பவுடர் போட்ட சேறு, கூலன்ட்டில் இன்ஜினுக்குள் எரிந்த வாயு கலக்கிறதா என்ற பரிசோதனை, இவை ஒவ்வொன்றும் அதில் வர வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய கார் சமவெளியில் முள் ஏறாமல் ஓடும்; ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்படும். அதே வண்டியின் பழைய ஜாப் கார்டுகளையும் (சர்வீஸ் பதிவுகளையும்) கேட்டுப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் காலத்திலேயே இன்ஜின் சூடான புகார் பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கையெழுத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். பழைய காருக்குரிய தேய்மானத்தை அது காக்கும். பொய்யான உறுதிமொழியைக் காக்காது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவர் சோதித்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டுமே அவரைப் பொறுப்பாக்குகிறது. பானெட்டுக்கு அடியில், இன்ஜினுக்குப் பின்னால் கிடக்கும் ஹோஸ் சாதாரண ஓட்டிப்பார்த்தலில் தெரியாது. "எங்களுக்கே தெரியாது" என்றாலும் தப்ப முடியாது. தெரிந்தே மறைத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி மோசடி. தெரியாமல் "ஹீட்டர் பக்கா" என்று உறுதி சொல்லியிருந்தாலும் 18ஆம் பிரிவுப்படி அது தவறான கூற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் பொருளின் தரம் பற்றித் தவறாகச் சொல்வது நியாயமற்ற வணிக முறை.

அறிக்கை கைக்கு வந்ததும் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் ஒரு தேதி குறித்து, தங்கள் மெக்கானிக்குடன் வந்து காரைப் பார்க்கும்படி அழையுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்கு உதவும். அதன் பிறகு, வீடியோ எடுத்தபடி பழுதுபார்த்து, வெட்டப்பட்ட ஹோஸையும் பழைய கேஸ்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

பணம் திரும்ப வராவிட்டால் நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் தொடுக்க 2019 சட்டம் அனுமதிக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். முதல் கோரிக்கையாகப் பழுதுச் செலவும் மன உளைச்சலுக்கான இழப்பீடும் கேளுங்கள். காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழு விலை தரும்படி மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். முழுத் தொகையை மட்டும் பிடித்துத் தொங்கினால், ஓட்டிய கிலோமீட்டரைக் காட்டி ஷோரூம் எதிர்ப்பதற்கு இடம் கிடைத்துவிடும்.

வாடகைக்கு ஓட்ட வாங்கியிருந்தால் கதை வேறு. நுகர்வோராகக் கருதப்பட, சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுவதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். தனிநபரிடம் நேரடியாக வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றமே வழி.

முள் சிவப்புக்குப் போனதும் நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்திய இடம், நேரம், வண்டியைத் தூக்கி வந்த ரசீது ஆகியவற்றை இன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள். குறுக்கு விசாரணையில் ஷோரூம் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.