தண்ணீரில் நொறுங்கும் பழைய டெக்கல்: எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

வாசகர் கேள்வி: பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடல் கிட்டை இப்போதுதான் கட்டி முடித்தேன். 1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் பறந்த விமானத்தின் நிறங்களைத் தீட்டியாயிற்று. இறக்கை மேல்புறத்து வட்டச் சின்னத்தின் டெக்கலை (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் அச்சுச் சின்னம்) தண்ணீரில் போட்டதும் ஏழெட்டுத் துண்டுகளாகப் பிரிந்து மிதந்தது. மற்றவற்றைத் தொடவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தொடாமல் நிறுத்தியதே பாதிக் காப்பு. மீதியில் பெரும்பகுதியை ஒட்டிவிடலாம். ஆனால் அதற்கான வேலை தண்ணீர்க் கிண்ணத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

டெக்கல் என்பது நான்கு அடுக்கு: அடியில் தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம், அந்தப் படலத்தில் அச்சு மை. தண்ணீர் பசையைக் கரைத்தவுடன் தாளின் பிடி போய்விடும். மையைச் சேர்த்துப் பிடிக்கப் படலம் மட்டுமே மிச்சம். ஆண்டுக் கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்த படலம் நெகிழ்வை இழந்து காய்ந்த அப்பளமாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தாளில் இருக்கும்போதே விழுந்திருக்கும். தண்ணீர் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, பழைய படலத்தின் மேல் புதிய படலம் ஒன்றை ஏற்றுவது. அதற்கும் முன்னால் தாள் முழுவதையும் ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எல்லாம் கைவிட்டுப் போனாலும் அளவும் எழுத்து வடிவமும் உங்களிடம் இருக்கும். தாள் மஞ்சளித்திருந்தால், அதையும் இப்போதே சரிசெய்ய வேண்டும்: காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, அச்சுப் பக்கம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சில நாட்களில் வெளுக்கத் தொடங்கும். அவ்வப்போது பார்த்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையானதும் எடுத்துவிடுங்கள்.

படலம் ஏற்ற மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் ‘லிக்விட் டெக்கல் ஃபிலிம்’ இதற்கென்றே வருவது. மென்மையான, அகலத் தூரிகையில் ஒரே திசையில் ஒரே பூச்சு. பூசிய இடத்துக்குத் தூரிகையை மறுபடி கொண்டுபோகக் கூடாது, மை கலங்கிவிடும். கிடைக்காவிட்டால் பளபளப்பான லாக்கர் வார்னிஷ் ஸ்பிரே போதும். அதைப் பனித்தூறல் போல இரண்டு மூன்று முறை, நடுவே காயவிட்டு அடியுங்கள். ஒரேயடியாக நனைய அடித்தால் லாக்கரின் கரைப்பானே பழைய மையைத் தின்றுவிடும். எந்த முறையானாலும் ஒரு டெக்கலில் சோதித்துப் பார்க்காமல் தாள் முழுவதும் பூச வேண்டாம். சோதனைக்குப் பலி உங்களிடம் தயாராக இருக்கிறது: ஜோடியை இழந்த அந்த இன்னொரு இறக்கைச் சின்னம். அதை எப்படியும் பயன்படுத்தப் போவதில்லை, காரணம் கடைசியில்.

ஓர் இரவு காய்ந்த பின் வெட்டுங்கள். புதிய படலம் தாள் முழுவதையும் ஒன்றாக மூடியிருப்பதால் ஒவ்வொரு டெக்கலையும் அதன் விளிம்பை ஒட்டித் தனித்தனியாக வெட்டித்தான் ஆக வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், அது தாளை வளைக்கும், வளைந்த இடத்தில் விரிசல் விடும். கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் புது பிளேடால் அழுத்தி வெட்டுவதே நல்லது.

இனித் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தால் படலம் சற்று நெகிழும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். அதன் உப்பு டெக்கலுக்கு அடியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு பாட்டில் போதும், நெடுநாள் வரும். இடுக்கியில் பிடித்துப் பத்து விநாடி முக்கி எடுத்து, ஈரமான டிஷ்யூ தாளின் மேல் வைத்துக் காத்திருங்கள். கிண்ணத்தில் மிதக்கவிட்டால் பசை முழுவதும் கழுவப்பட்டுப் போகும்; பழைய டெக்கலில் பசை ஏற்கெனவே பலவீனம். தூரிகை நுனியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் இன்னும் அரை நிமிடம். பழைய பசை கரைய நேரம் எடுக்கும், அவசரப்பட்டுத் தள்ளும் தள்ளலில்தான் பெரும்பாலானவை கிழிகின்றன.

விமானத்தின் மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பெயின்டின் சொரசொரப்பில் காற்று சிக்கினால் டெக்கலின் தெளிவான பகுதி வெள்ளி பூத்தது போல மினுங்கும். பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அது நன்றாக உலர ஒரு நாள். டெக்கல் போக வேண்டிய இடத்தில் டெக்கல் படிந்து ஒட்ட உதவும் மைக்ரோ செட் திரவத்தைத் தாராளமாகத் தடவுங்கள். தாளோடு டெக்கலை அந்த இடத்தை ஒட்டி வைத்து, தாளிலிருந்து நேராக இறக்கைக்கோ உடலுக்கோ வழுக்கிச் செல்லவிடுங்கள். விரலாலோ இடுக்கியாலோ அந்தரத்தில் தூக்கவே கூடாது. பசை போதவில்லை என்று தோன்றினால் வெள்ளைப் பசையை வெகு நீர்க்கக் கரைத்து ஒரு சொட்டு அடியில் விடலாம்.

அப்படியும் உடைந்தால் பதறாதீர்கள். அந்த இடத்தில் தண்ணீர் நிறைய இருக்கும்வரை துண்டுகள் நகரும். ஈரத் தூரிகையால் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்த பின்பே, ஓரத்தில் டிஷ்யூவை வைத்து நீரை உறிஞ்சுங்கள். மெல்லிய இடைவெளி நின்றால் காய்ந்த பிறகு அதே நிறப் பெயின்டில் நுண்தூரிகையால் நிரப்பலாம். 1/72 அளவில், கை நீட்டும் தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது.

இடம் உறுதியாகி ஈரம் போன பிறகு மைக்ரோ சோல் போன்ற மென்மையாக்கும் திரவம். உங்கள் டெக்கலில் இப்போது இரட்டைப் படலம் இருப்பதால் விமானப் பரப்பிலுள்ள தகட்டு இணைப்புக் கோடுகளுக்குள் படிய இரண்டு மூன்று பூச்சு தேவைப்படலாம். பூசியதும் டெக்கல் சுருங்கி, நெளிந்து, பார்க்கவே வயிற்றைக் கலக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். காயும்போது தானே இழுத்துக்கொண்டு படியும். மறுநாள் ஈரப் பஞ்சால் பசைக் கறையைத் துடைத்துவிட்டு மீண்டும் பளபளப்பு வார்னிஷ், பிறகு மங்கல் வார்னிஷ்.

இப்போது அந்த இறக்கைச் சின்னத்துக்கு வருவோம். எழுத்துக் குறிகள், வரிசை எண்கள், நான்கு நிறம் கொண்ட உடற்பகுதிச் சின்னம் ஆகியவற்றைக் கையால் தீட்டுவது கடினம். டெக்கலைக் காப்பாற்றுவது இவற்றுக்காகத்தான். ஸ்கேன் பிரதியை வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்டுக்கொள்ளலாமே என்றால், அதில் வெள்ளை மை கிடையாது. தெளிவான டெக்கல் தாளில் அச்சிட்டால் அடி நிறம் தெரியும். ஆனால் ஸ்பிட்ஃபயரின் இறக்கை மேல்புறத்தில் வருவது பிரிட்டனின் ‘பி’ வகைச் சின்னம். வெள்ளையே இல்லை, நீல வட்டத்துக்குள் சிவப்பு வட்டம். சிவப்பின் விட்டம் நீலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. இதற்கு டெக்கலே வேண்டாம். வெளி விட்டத்தை ஸ்கேனில் அளந்து, வட்டம் வெட்டும் கருவியால் மாஸ்கிங் டேப்பில் ஓட்டையும் நடு வட்டமும் வெட்டுங்கள். ஓட்டையுள்ள டேப்பை இறக்கையில் ஒட்டி, வெளிர் நிற அடிப்பூச்சின் மேல் சிவப்பு அடியுங்கள். காய்ந்ததும் சிறிய வட்டத்தை நடுவில் ஒட்டி மேலே நீலம். போர்க்காலச் சின்னங்களின் சிவப்பும் நீலமும் மங்கியவை. பழைய கிட்களின் அச்சோ பளிச்சென்று இருப்பது வழக்கம். இங்கே வரலாற்றைவிட உங்கள் டெக்கல் தாளுக்கே பொருத்தமாக நிறம் கலக்குங்கள், இல்லாவிட்டால் இறக்கையும் உடலும் வெவ்வேறு விமானத்தவை போலத் தெரியும். இரண்டு இறக்கைகளையும் ஒரே கலவையில், ஒரே நாளில் அடித்துவிடுங்கள்.