பயணத்தில் நல்ல மார்ட்டினி: கேள்வி பதில்

விடுமுறைக்கு வெளியூர் கிளம்பும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள் இவை. மார்ட்டினி என்று இங்கே சொல்வது ஜின், ட்ரை வெர்மூத் (மூலிகை சேர்த்த, இனிப்பில்லாத வைன்), ஐஸ் விடும் கொஞ்சம் தண்ணீர், கடுங்குளிர் ஆகியவை சேர்ந்தது. கிரனடில்லா மார்ட்டினி, எஸ்பிரஸ்ஸோ மார்ட்டினி எல்லாம் அதே வடிவக் கிளாஸில் வரும் வேறு பானங்கள்.

அண்ணா, தெரியாத ஊரில் ஒரு பாருக்குள் நுழைந்ததும், இங்கே மார்ட்டினி தேறுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சாட்ஸ்வொர்த்)

முதலில் வெர்மூத் பாட்டில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள் தம்பி. ஜின் திறந்தபடி வருடக்கணக்கில் நின்றாலும் பெரிதாகக் கெடாது. வெர்மூத் அப்படி இல்லை, அது வைன். 15 முதல் 18 சதவீத ஆல்கஹால்தான் இருக்கும். திறந்த பிறகு காற்றுப்பட்டு மங்கிக்கொண்டே போகும். ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும்; பிப்ரவரி வெக்கையில், விளக்குக்குக் கீழே, அலமாரியில் நின்றால் அதற்கு வெகு முன்பே போய்விடும். பாட்டில் தோளில் தூசி, உள்ளே பாதி சரக்கு என்றால் சந்தேகப்படுங்கள். ஒரு சொட்டு ஊற்றித் தரச் சொல்லி முகர்ந்து பார்ப்பதில் தப்பே இல்லை. நல்லது புல், பூ, மூலிகை வாசனை தரும். கெட்டது வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் மாதிரி நாறும்.

அடுத்தது ஐஸ். பெரிய, வறண்ட கட்டியாக இருக்க வேண்டும். பக்கெட்டில் பாதி உருகித் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் பத்து விநாடியிலேயே பானத்தை நீர்க்க வைத்துவிடும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) சமயத்தில் உருகி மறுபடி உறைந்த ஐஸில் ஃப்ரீஸர் வாடையும் சேர்ந்திருக்கும். கடைசியாக, கிளாஸை ஃப்ரீஸரிலிருந்து எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். மூன்றும் சரியில்லை என்றால் ஜின் டானிக் சொல்லுங்கள். அது எதையும் பொறுத்துக்கொள்ளும்.

ஆர்டர் எப்படிச் சொல்வது? நான் "ட்ரை மார்ட்டினி" என்று மட்டும் சொல்வேன். (ஃபீனிக்ஸ்)

"ட்ரை" என்றால் வெர்மூத் குறைவு என்று பொருள். எவ்வளவு குறைவு என்பதைப் பார்டெண்டர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மூச்சில் இப்படிச் சொல்லுங்கள்: "ஜின் மார்ட்டினி, ஃபைவ் டு ஒன், ஸ்டர்ட், லெமன் ட்விஸ்ட்." ஃபைவ் டு ஒன் என்றால் ஐந்து பங்கு ஜினுக்கு ஒரு பங்கு வெர்மூத். ஜின் என்று சொல்லாவிட்டால் வோட்கா வரலாம். ஸ்டர்ட், அதாவது ஸ்பூனால் சுற்றியது, என்று சொல்லாவிட்டால் குலுக்கித் தரலாம்; அப்போது நுண்குமிழும் ஐஸ் துணுக்கும் புகுந்து பானம் கலங்கும்.

நம் நாட்டில் ஒரு டாட், அதாவது பாரில் ஊற்றும் ஓர் அளவு, 25 மில்லி. ஆகவே இரண்டு டாட் ஜின், 10 மில்லி வெர்மூத். ஐஸ் நிறைந்த ஜாடியில் 30 விநாடி சுற்றினால் ஏறக்குறைய 15 மில்லி தண்ணீர் சேரும். கிளாஸில் வந்து நிற்பது 75 மில்லி. கிளாஸ் பாதி காலியாக இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். பெரிய கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்தால் டர்பன் புழுக்கத்தில் பின்பாதி வெதுவெதுப்பாகிவிடும். சின்னதாக, குளிராக இருப்பதே மேல்.

ட்விஸ்ட் மஞ்சள் லெமன் தோலில் இருக்க வேண்டும். நாம் வீட்டில் எலுமிச்சை என்று சொல்லும் பச்சை லைம் தோல் கசக்கும். வெள்ளைப் பகுதி ஒட்டாமல் மெல்லிசாகச் சீவி, வெளிப்புறம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து முறுக்கினால், பரப்பில் எண்ணெய்ப் பொட்டுகள் மினுங்குவது கண்ணுக்கே தெரியும். அது தெரியவில்லை என்றால் தோல் பழசு.

நாங்கள் சைவம். ஆலிவ் போடலாமா? (டோங்காட்)

கேட்டது நல்லது அக்கா. ஆலிவ் தாவரம்தான், ஆனால் சில ஆலிவ்களுக்குள் நெத்திலி மீன் அடைத்திருப்பார்கள். வெளியே கொட்டை எடுத்த துளை மட்டுமே தெரியும். சிவப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் மிளகாய் வகை, ஆனாலும் ஜாடி லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். டர்ட்டி மார்ட்டினியில் ஊற்றும் உப்புநீரும் அந்த ஜாடியிலிருந்தே வருகிறது. புரட்டாசி முடிந்து மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. உங்களுக்கு லெமன் ட்விஸ்ட்தான் பத்திரம்.

உள்ளூர் ஜின் எது எடுபடும்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஜூனிப்பர் (ஜினுக்கு வாசனை தரும் காய்) வாசனை முன்னே நிற்கும் ஜின் எதுவும் எடுபடும். ஃபின்போஸ் என்னும் கேப் பகுதிச் செடிகள் சேர்த்த ஜின் என்றால் ஸ்டில் பே ஊரின் இன்வெரோச் கிளாசிக் நன்றாக வரும். ஆலிவ் வேண்டாம், பூவாசனையோடு உப்பு முட்டும். ரோஜா வாசனை போட்ட பிங்க் ஜின்களை இதற்குத் தொடாதீர்கள். ஸ்வார்ட்லாந்தின் காப்பெரிதிஃப் கிடைத்தால் விசாரியுங்கள்: மறைந்துபோய் இந்த நூற்றாண்டில் திரும்பி வந்த கேப் அபெரிதிஃப் (சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் பானம்) அது. ஆனால் இனிப்பும் கசப்பும் உள்ளது. ட்ரை வெர்மூத் ஊற்றும் அளவுக்கு ஊற்றக் கூடாது.

இன்னொன்று. நம் நாட்டில் ஜினில் ஆல்கஹால் குறைந்தது 43 சதவீதம். ஐரோப்பியச் சட்டப்படி 37.5 இருந்தாலே போதும். ஒரே பிராண்டு என்று நம்பி வெளிநாட்டில் ஆர்டர் செய்தால் பானம் மெலிந்து தெரிவது இதனால்தான். லேபிளில் எண்ணைப் பார்த்துக் கேளுங்கள்.

ரியூனியனில் மார்ட்டினி கேட்டால் சிவப்பாக, இனிப்பாக, ஐஸ் போட்டு ஏதோ வருகிறதாமே? (ஸ்டேங்கர்)

பார்டெண்டர் தப்பு செய்யவில்லை. ரியூனியன் தீவு பிரான்சின் பகுதி. அங்கே மார்ட்டினி என்றால் அந்தப் பெயருள்ள வெர்மூத் பிராண்டுதான். மொரிஷியஸிலும் பிரெஞ்சுப் பழக்கமுள்ள சின்னக் கடைகளில் இது நடக்கலாம். "அன் காக்டெய்ல் ட்ரை மார்ட்டினி, ஓ ஜின்" என்று சொல்லுங்கள். "ஓ ஜின்" என்றால் ஜின் போட்டது. வெர்மூத் பாட்டிலில் "எக்ஸ்ட்ரா ட்ரை" என்று இருக்க வேண்டும். "பியாங்கோ"வும் வெளிறிய நிறமே, ஆனால் இனிப்பு. அவசரத்தில் அதை எடுத்துவிடுவார்கள். ஒரு நல்ல பக்கமும் உண்டு: வெர்மூத் வேகமாக விற்கும் கடையில் பாட்டில் பழசாக நேரமில்லை.

விமானத்தில்?

வேண்டாம். 50 மில்லி ஜின் கிடைக்கும், வெர்மூத் அரிது, ஐஸும் ஈரமாக இருக்கும்.

டிராக்கன்ஸ்பர்கில் சமையலறையோடு வீடு எடுத்திருக்கிறோம், ஏழு பேர். பார் சாமான் எதுவும் இல்லை. (சாட்ஸ்வொர்த்)

ஃப்ரீஸர் இருந்தால் போதும். 750 மில்லி ஜின் பாட்டிலிலிருந்து 250 மில்லியை எடுத்துத் தனியே வையுங்கள். மிச்சத்தில் 100 மில்லி ட்ரை வெர்மூத், 100 மில்லி குடிதண்ணீர். மூடி, மெதுவாகத் தலைகீழாக்கிக் கலந்து, முந்தின இரவே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். மொத்தம் ஏறக்குறைய 33 சதவீதம் என்பதால் மைனஸ் 18-இல் கட்டியாகாது, லேசாகக் குழைந்து ஊற்றும். ஆளுக்கு 100 மில்லி, சரியாக ஏழு கிளாஸ். பலரும் தண்ணீரை விட்டுவிடுவார்கள். அப்போது பானம் தொண்டையைச் சுடும், ஏனென்றால் ஐஸ் செய்ய வேண்டிய வேலையை இங்கே யாரும் செய்யவில்லை. இந்த 100 மில்லியில் ஏறக்குறைய மூன்று டாட் சரக்கு இருக்கிறது. சாவியைக் குடிக்காதவரிடம் கொடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

சொன்னபடி வரவில்லை என்றால் திருப்பி அனுப்பலாமா? (அம்ஷ்லாங்கா)

முதல் வாய் குடித்த உடனே சொன்னால் அனுப்பலாம், பாதி கிளாஸுக்குப் பிறகு அல்ல. "சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கிளாஸை மாற்றி, புது ஐஸில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். வந்ததையே மறுபடி சுற்றினால் நீர்த்துப்போகும். பழைய வெர்மூத் நாற்றம் என்றால் வேறு பாட்டில் திறக்க முடியுமா என்று கேளுங்கள். வேறு பாட்டில் இல்லை என்றால் அதே ஜினை லெமன் ட்விஸ்டோடு டானிக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.